சோலைமுத்து தமக்கே எழுதிய அஞ்சலட்டைகள்

சோலைமுத்துவின் அஞ்சலட்டைகளைத் திருடியவன் நான்.

வழிமறித்துப் பிடுங்கவில்லை. பூட்டை உடைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்கம் கொடுத்த முத்திரையைத் தேதி தெளிவாகத் தெரியும்படி குத்திவிட்டுத் திருடினேன். இவ்வளவு ஒழுங்கான திருடனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்!

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடைப்பட்ட ஊர்க்காரர் என்றால் சோலைமுத்துவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெருக்களில் செருப்பைக் காலில் போட்டு நடக்கவைத்தவர். தா.பழூர்ப் பக்கம் நடவுப் பெண்கள் கூலிக்காக வயலில் உட்கார்ந்தபோது, வேட்டி நனைவதைப் பார்க்காமல் அவர்களோடு சேற்றில் உட்கார்ந்தவர். லாக்கப்பில் அவர் வழக்கமாகச் சாய்கிற சுவரில் எண்ணெய்ப் பிசுக்கே படிந்திருந்தது என்பார்கள். அவர் இறந்தபோது பெரம்பலூரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, சிறுவாச்சூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள் உண்டு.

அந்தப் பெரிய சண்டைகளை எழுத எனக்குத் தகுதியில்லை. நான் சொல்லப்போவது மிகச் சிறிய சண்டையை. அதில் எதிர்த்தரப்பு நான்.

எழுபதுகளில் எங்கள் ஊரின் கிளைத் தபால் ஆபீஸ் என் வீட்டு முன்னறையில் இருந்தது. போஸ்ட் மாஸ்டர் நான். மிச்ச நேரத்தில் புனைபெயரில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். ஊரில் தபால் குறைவு. ஆகவே என் வாழ்க்கையே மிச்ச நேரம்தான்.

காலனிக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகக் கார்டு, கவர் வாங்கிக்கொண்டு போவார்கள். அது நான் ஏற்படுத்திய வழக்கமல்ல. நான் மாற்றாத வழக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்!

தபால்காரர் கோவிந்தசாமியோ காலனிக்குள் கால் வைத்ததே இல்லை. ஊர் எல்லையில் ஒரு புளியமரம், அதன் கீழே டீக்கடை. காலனிக் கடிதங்களை அந்தக் கடையின் கீற்றுக் கூரையில் செருகிவிட்டு வந்துவிடுவார். யாருக்கு எப்போது கண்ணில் படுகிறதோ, அப்போது உருவிக்கொள்ள வேண்டியது.

ஒரு மழைக்காலத்தில் மாரியாயி என்ற தாய்க்கு வந்த கடிதம் அந்தக் கூரையில் நான்கு நாள் நனைந்து கிடந்தது. வெளியூரில் வேலை பார்த்த மகனுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்படு என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுவாரம் சோலைமுத்து ஜன்னலண்டை வந்து நின்றார்.

"சார், வூட்டுக்கு வர்ற தபால வூட்டுல கொண்டாந்து குடுக்கணும்னு சட்டம் இருக்குங்களா?"

"இருக்கு சோலமுத்து. ஆனா கோவிந்தசாமிக்கு முழங்கால் வலி…"

"எல்லாத் தெருவுலயும் வலிக்குதுங்களா, எங்க தெருவுல மட்டுங்களா?"

நான் முத்திரையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் ஒரு கார்டு வாங்கினார். அங்கேயே ஜன்னல் கட்டையில் வைத்து எழுதி, வெளியிலிருந்த பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அன்று பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். பெறுநர், சோலைமுத்து, மூன்றாவது வீடு, காலனித் தெரு. அனுப்புநர், அதே சோலைமுத்து, அதே மூன்றாவது வீடு!

கார்டு என்பது திறந்த வாய். போஸ்ட் மாஸ்டர் படிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. படித்தேன்.

"அன்புள்ள சோலைமுத்துவுக்கு, சோலைமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நான் நலமா என்று அறிய ஆவல். என் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு புளியமரம் இருப்பதாகக் கேள்வி. கடிதம் வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரிவிக்கவும்."

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பத்து வருஷமாக நகைச்சுவை எழுதுகிறவன் நான்… இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லையே!

கோவிந்தசாமி புளியமரத்தடிக்குப் போய்க் கார்டை நீட்டினார். சோலைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வூட்டுல குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கூரையில் செருகவும் விடவில்லை. கார்டு என்னிடம் திரும்பி வந்தது. கோவிந்தசாமி எழுத்துக் கூட்டிப் படிப்பார். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. ஆகவே, கார்டின் மேல் நான் எழுதினேன்: "வாங்க மறுத்தார்."

பொய்யா அது? மறுத்தது உண்மைதானே! எந்த இடத்தில் நின்றுகொண்டு மறுத்தார் என்று எழுதக் கார்டில் இடமில்லை… அவ்வளவுதான். இடமில்லாமல் போன உண்மைகளால்தான் என் உத்தியோகம் நடந்தது.

மறுத்த தபாலை அனுப்பியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அனுப்பியவர் யார்? சோலைமுத்து. எங்கே இருக்கிறார்? காலனி, மூன்றாவது வீடு. அங்கே போகத்தான் கோவிந்தசாமிக்கு முழங்கால் வலி! உலகத்தில் எந்தத் தபால் விதியும் இப்படித் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நின்றிருக்காது. அதையும் தாண்டி ஒரு விதி உண்டு. சேர்ப்பிக்க முடியாதவற்றை மேலே அனுப்பிவிட வேண்டும். நான் அனுப்பவில்லை. உள்ளறையில் என் கட்டுரைகள் கிடந்த தகரப் பெட்டியில் போட்டேன்.

ஏன்? சோம்பலா? முதல் கார்டுக்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

அவர் தினம் வந்தார். தினம் ஒரு கார்டு. தினம் புளியமரத்தடியில் "வூட்டுல குடுங்கண்ணே." தினம் என் கையெழுத்தில் "வாங்க மறுத்தார்." நான் தினம் மாலைக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். பெட்டியைத் திறக்கும்போது கை பரபரக்கும்.

"நேற்றும் பதில் இல்லை. என்மேல் எனக்கு அப்படி என்ன கோபம்?"

"தபால்காரர் அண்ணனின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது. எங்கள் தெருவில் நொச்சி இருக்கிறது. வந்தால் பறித்துக்கொண்டு போகலாம்."

"இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஓட்டு கேட்க இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். வழி தெரியாதவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்."

ஒரு கார்டில்கூட வசை இல்லை. கெஞ்சலும் இல்லை. அவமதிக்கப்பட்ட மனிதன் ஒருவன், அவமதித்தவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே, இவ்வளவு நிதானமாகச் சிரிக்க முடியுமா? அந்த நிதானத்தின் முன் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பது உண்மை. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் சிவப்புப் பென்சிலை எடுத்து நல்ல வரிகளின் கீழே கோடு போட்டேன் என்பதும் உண்மை.

ஆம்… எழுதினேன். "தனக்குத்தானே தபால் போட்டவன்" என்று ஒரு கட்டுரை. நொச்சி இலை வந்தது. ஓட்டு கேட்க வந்த கட்சிக்காரர்கள் வந்தார்கள். 'என்மேல் எனக்கு என்ன கோபம்' என்ற வரியும் வந்தது. காலனி வரவில்லை. புளியமரம் வரவில்லை. மாரியாயி வரவில்லை. மூளை சற்றுப் பிசகிய ஒரு கிராமத்தான், காரணமே இல்லாமல் தனக்குக் கடிதம் எழுதி, காரணமே இல்லாமல் வாங்க மறுத்து, கடைசியில் அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறான். பத்திரிகைக்காரர்கள் படம் போட்டு வெளியிட்டார்கள். வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவற்றை மட்டும் கோவிந்தசாமி தாமதமில்லாமல் என்னிடம் சேர்ப்பித்தார்.

யாராவது மிரட்டினார்களா என்று கேட்பீர்கள். ஒருவரும் மிரட்டவில்லை! மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

சோலைமுத்து அனுப்பிய புகாரின் பேரில் விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். முன்னறையில் என் நாற்காலியில் அவர், நான் ஸ்டூலில், சோலைமுத்து சந்தில், ஜன்னலுக்கு வெளியே. விசாரணையே அந்த ஜன்னல் வழியாக நடந்தது. எதை விசாரிக்க வந்தாரோ அது அவர் மூக்குக்கு எதிரே கம்பி போட்டு நின்றது… அவருக்குத் தெரியவில்லை.

புகாரைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"அட, ஒனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிறியா? ஏய்யா, பத்திரிகைல வந்தது நீதானா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "படிச்சேன்யா! என் சம்சாரத்துக்கும் படிச்சுக் காட்டினேன்!"

இனி சொல்லப்போவதுதான் இந்த வாக்குமூலத்திலேயே அருவருப்பான பகுதி. அந்தக் கணத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. பெருமை வந்தது! என் வாழ்நாளில் வாசகன் ஒருவனை முதல்முறையாக நேரில் பார்த்தேன். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இருந்தவர் சிரிப்பு முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்: "வாங்க மாட்டேன்னு சொன்ன கார்டெல்லாம் இங்கதாங்க இருக்கணும். எல்லாத்துலயும் தேதி முத்திரை இருக்கும். ஒருநாள்கூட வூட்டுக்கு வரலன்னு அதுவே சொல்லும். எடுத்துப் பாருங்க சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எங்க அதெல்லாம்?"

"விதிப்படி மேல அனுப்பிட்டேன் சார்" என்றேன்.

தகரப் பெட்டி அடுத்த அறையில், பத்தடி தூரத்தில் இருந்தது.

எடுத்துக் கொடுத்திருந்தால்? விதியை மீறி வைத்திருந்ததற்கு எனக்கு ஒரு தண்டனை வந்திருக்கும். அது பெரிதல்ல. சிவப்புப் பென்சில் கோடுகள் வெளிவந்திருக்குமே! அந்தக் கட்டுரையைச் சிரிக்கச் சிரிக்கப் படித்தவரே, அதன் நல்ல வரிகளை யார் எழுதியது என்று கண்டுபிடித்திருப்பாரே… அதற்குத்தான் பயந்தேன். ஒரு தெருவுக்குத் தபால் வருவதா, என் பெயர் நிலைப்பதா என்று வந்தபோது, என் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அதுவும் புனைபெயரை!

புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரி பஸ் ஏறினார்.

மறுநாள் ஜன்னலில் வழக்கம்போல் அதே கை.

"ஒரு கார்டு குடுங்க சார்." வாங்கிக்கொண்டு நின்றார். "அந்தப் பத்திரிகையக் கண்டுபிடிச்சு வாங்கிப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காரு, யாரோ."

நான் அவர் கொடுத்த சில்லறையை எண்ணினேன்.

"ஒரு எடத்துலதான் தப்பு பண்ணிட்டாரு. கடைசில அந்தாளு கார்டு போடறத நிறுத்திடறானாம்." லேசாகச் சிரித்தார். "நான் நிறுத்த மாட்டேங்க சார்."

நிறுத்தவில்லை. மாறாக, காலனியே எழுதத் தொடங்கியது! ஒவ்வொருவரும் தமக்கே ஒரு கார்டு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தோய்த்துத் தம் ரேகையைத் தமக்கே அனுப்பிக்கொண்டார்கள். மாரியாயியின் ரேகையும் வந்தது. அந்தக் கார்டில் வேறு ஒன்றுமில்லை. ரேகை ஓரத்தில் சற்று இழுபட்டிருந்தது. அதன்மேல் "வாங்க மறுத்தார்" என்று நான் எழுதினேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

நாளுக்கு மூன்று கடிதம் பார்த்த கோவிந்தசாமி, அறுபது எழுபது கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் புளியமரத்தடியில் நின்று பெயர் கூப்பிட வேண்டியதாயிற்று. மரத்தடிக்கும் ஒருவரும் வரவில்லை.

அந்தச் சண்டையின் கடைசி நாள், எழுத ஏதாவது அகப்படுமா என்று நானும் டீக்கடையில் நின்றிருந்தேன்.

"அஞ்சலை!" என்று கோவிந்தசாமி கூவினார்.

"வூட்லதான் இருக்கேன்! கொண்டாங்க!" காலனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பெரியசாமி!"

"வூட்லதாண்ணே! சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்!"

"மாரியாயி!"

"இங்க இருக்கேன் சாமி!"

இருபது பெயருக்குமேல் கோவிந்தசாமியின் குரல் உடைந்தது. "எழவு, தொண்டை வறண்டுபோச்சுடா" என்று முனகினார். பையைத் தோளில் ஏற்றினார். நடந்தார். காலனிக்குள் நடந்தே விட்டார்! கொள்கை ஒன்றும் மாறிவிடவில்லை, தொண்டை வறண்டது. எங்கள் ஊரில் சட்டத்தால் ஆகாதது அன்று தாகத்தால் ஆனது. ஆனால், அந்தத் தாகத்தை ஓராண்டு காலம் கார்டு கார்டாக மூட்டியவர் மூன்றாவது வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

இரு கையும் நீட்டிக் கார்டை வாங்கினார். நின்றபடியே படித்தார்.

"என்ன மாமா எழுதியிருக்கு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"நான் நல்லா இருக்கேனாம்" என்றார் சோலைமுத்து.

தெருவே சிரித்தது. குழந்தைகள், கிழவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே மாரியாயி… கோவிந்தசாமிகூட! அவர் கையில் யாரோ ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்தார். குடித்தார்.

புளியமரத்தடியில் நின்றபடி அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஆயிரக்கணக்கான வாசகர்களை நான் சிரிக்கவைத்ததாக அப்போது ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அது சிரிப்பே அல்ல என்று அன்று தெரிந்தது. எவ்வளவு பெரிய மனிதனை ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்து, "என்னா சோலமுத்து" என்று ஒருமையில் கூப்பிட்டுக் கார்டு விற்றிருக்கிறேன்! தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஜில்லா முழுக்கத் தெரிந்த தலைவரானார். நான் ஆறு புத்தகங்கள் எழுதிய ஆசிரியனானேன். எண்பதுகளின் நடுவில் மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கார்டுக் கதையை நயமாகச் சொன்னேன். "அவருடைய ஒவ்வொரு கார்டையும் முதலில் படிக்கும் பேறு எனக்குத்தான் வாய்த்தது" என்றபோது பலத்த கைதட்டல். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனியுங்கள்!

மேடையிலிருந்து இறங்கியதும் அவர் மகள் தமிழ்ச்செல்வி வந்தாள். விக்கிரமங்கலம் பக்கம் ஆசிரியை.

"சார், அப்பா கையெழுத்துல வூட்டுல ஒண்ணுமே இல்லைங்க. மனுவெல்லாம் ஆபீஸ் ஆபீசா போயிடுச்சு. அவரப் பத்தி ஒரு புஸ்தகம் போடலாம்னு இருக்கோம். தப்பித்தவறி உங்ககிட்ட ஏதாச்சும் தங்கியிருக்குங்களா?"

"தேடிப் பாக்குறேம்மா" என்றேன்.

பத்து நாள் தேடினேன். பெட்டி இருக்கும் இடம் தெரிந்தவனுக்குத் தேடப் பத்து நாள்! பிறகு எல்லாக் கார்டுகளையும் ஒரு துணிப்பையில் அடைத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். எல்லாவற்றையும் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சத்தியமாகத் தீர்மானித்திருந்தேன். ஆனால், சிவப்புக் கோடு இல்லாத ஒரு கார்டைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தீர்மானத்தோடு போகிறவன் எதற்கு அப்படி வைத்துக்கொள்கிறான்?

மூன்றாவது வீடு. நான் அங்கே போனது அதுதான் முதல்முறை. தமிழ்ச்செல்வி நாற்காலி போட்டாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்த கார்டை நீட்டினேன். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"நேற்று நல்ல மழை. யாரையும் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் வீடு அதற்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்து எழுதவும்."

சிரித்துவிட்டாள். அப்பாவின் சிரிப்பு. அடுத்த நொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்டைத் திருப்பினாள். முத்திரையைப் பார்த்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"விசாரணைக்கு வந்தப்ப எல்லாம் மேல போயிடுச்சுன்னு சொன்னாங்களாமே சார்?"

"இது ஒண்ணு… மேசை இடுக்குல கெடந்துச்சும்மா."

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை.

"அப்பா அடிக்கடி சொல்வாரு சார். அந்தக் கார்டெல்லாம் எங்கயும் போயிருக்காது, சார்கிட்டதான் பத்திரமா இருக்கும்னு."

தெரிந்திருக்கிறது… அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் அத்தனை நாளும் "ஒரு கார்டு குடுங்க சார்" என்று வந்து நின்றிருக்கிறார். ஒருமுறைகூட முகம் சுளிக்காமல்!

"வேற இருக்குங்களா சார்?"

மெதுவாகத்தான் கேட்டாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று சொல்வதுபோல் கேட்டாள். மடியில் இருந்த பையின்மேல் என் இரண்டு கையும் இருந்தன.

"இல்லம்மா. இது ஒண்ணுதான்" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். தெருமுனைவரை வந்து வழியனுப்பினாள்.

இதை எழுதும்போது ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன்; உங்களுக்குத் தெரியும் என்று சொன்ன சோலைமுத்துவின் பெயரையும்தான். என் பெயரும் வழக்கம்போல் புனைபெயர்தான். ஆக, யாரிடமும் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களிடம் மட்டும், அதுவும் நீங்கள் யாரென்று தெரியாத துணிச்சலில்!

எழுத்து தடைப்படும் இடங்களில் இப்போதும் பெட்டியைத் திறந்து ஒன்றிரண்டு கார்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். இதைப் படிக்கையில் நீங்கள் எங்காவது சிரித்திருக்கலாம். அது எந்த இடம் என்று தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதீர்கள்.